முதல் நாளே அளந்து வையுங்கள்: உயரழுத்த ஆக்சிஜன் மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

பக்கவாதத்துக்கும் மூளைக்காயத்துக்கும் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை தரும் மையங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே கையெழுத்துப் போடும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆன பிறகு அவரை உங்களைப் போன்ற ஒரு மையத்துக்குக் கூட்டி வந்தோம். வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சும் போயிருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம்: "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, தூக்கம் வருகிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி. மூளையின் இடப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் பிற்பாடு விளக்கினார். சொல்லைக் கேட்காதீர்கள், முகத்தைப் பாருங்கள் என்றார்.

முதல் நாள் அப்பாவை, காற்றழுத்தத்தை ஏற்றிச் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் அந்தக் கண்ணாடி உருளைக்குள் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளியே இருந்த டெக்னீஷியன் மைக்கில் கேட்டார்: "காது அடைக்குதா ஐயா? வலி ஏதும் இருக்கா?" அப்பா "சரி" என்றார். அழுத்தம் ஏறியது. மறுபடி கேட்டார். மறுபடியும் "சரி". கொஞ்ச நேரத்தில் அப்பா இடது கை விரல் முட்டியால் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். முதல் நாள் எல்லாருக்கும் இந்தப் பயம் வரும், போகப் போகப் பழகிவிடும் என்றார் அந்த டெக்னீஷியன் பையன். அம்மாதான் கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "காது வலிக்குது அவருக்கு, இறக்குங்க" என்று கத்தினார். இறக்கினார்கள். மறுநாள் காது மருத்துவர் பார்த்தபோது செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருந்தது.

அந்தப் பையன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல பிள்ளை, அடுத்த இரண்டு மாதமும் அப்பாவை அவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்டார். பேச்சிழந்தவர் சொல்லும் "சரி"யை நம்பக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். இந்த சிகிச்சையில் அதிகம் வரும் பக்கவிளைவே காதுதான் என்பது உங்களுக்குத் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வீர்கள். சொன்னது புரியாதவர், விழுங்கத் தடுமாறுகிறவர், வாயின் ஒரு பக்கம் கோணிப்போனவர் என்ன செய்வார்? இடது கையைத் தூக்கினால் நிறுத்து என்று ஒரு சைகையை, உள்ளே போகும் முன்பே, பத்துத் தடவை பழக்கியிருந்தால் போதும். தேவைப்பட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்துவிட்டு ஆரம்பிக்கிறார்கள். உங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கவாதக்காரர்கள் என்றால் இது உங்கள் கதவில் முதலில் எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

ஆனால் காதுக்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. காது ஆறிவிட்டது. ஆறாமல் இருப்பது வேறு.

நாற்பது சிட்டிங் முடிந்த அன்று நான் உங்கள் மருத்துவரிடம் கேட்டேன்: "எவ்வளவு முன்னேற்றம் டாக்டர்?" அவர் சிரித்த முகத்தோடு, "நீங்களேதான் பார்க்கறீங்களே" என்றார். உண்மைதான், பார்த்தோம். அப்பாவின் வலது கை இப்போது மேஜையில் இருக்கும் தம்ளரைச் சுற்றிப் பிடிக்கிறது. தூக்க வரவில்லை, பிடிக்கிறது. முன்பு பிடித்ததா? அம்மா பிடிக்கவில்லை என்கிறார். தம்பி, கோடையிலேயே ஒரு நாள் பிடித்தார், நான் பார்த்தேன் என்கிறான். எனக்கு நினைவில்லை. அதனால் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தேதி, நேரம், எத்தனை அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அழகாக எழுதியிருந்தது. கையைப் பற்றி முதல் பக்கத்தில் மூன்றே சொற்கள்: ரைட் சைடு வீக்னஸ். பேச்சைப் பற்றி ஒன்றுமே இல்லை.

நாற்பது நாள். ஒவ்வொரு நாளும் போக வர, உடை மாற்ற, உள்ளே ஒன்றரை மணி நேரம் என்று பாதி நாள். இவ்வளவையும் கொடுத்துவிட்டு, பலன் இருந்ததா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று பதில் சொல்கிறோம். பலன் இல்லை என்பது என் குறை அல்ல. இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வழியையே முதல் நாளே அடைத்துவிட்டீர்கள். அதுதான் என் குறை.

நாங்கள் ஏன் வந்தோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, ரிப்போர்ட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "அதெல்லாம் வேண்டாம்" என்றார். ஏன் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, வெளியே வரிசை காத்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் "இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றார். நீங்கள் எங்களை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினீர்கள். அப்பாவைப் பார்த்துப் பேசினீர்கள். பதினான்கு மாதத்தில் அவரைப் பார்த்துப் பேசிய முதல் மருத்துவர் நீங்கள்தான். இந்த வித்தியாசத்தை நரம்பியல் மருத்துவர்களும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லில் விரட்டப்பட்ட குடும்பம் முக்கால் மணி நேரம் பேசுகிறவரிடம்தான் போய்ச் சேரும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சாதாரணமாக மூச்சு விடும்போது ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுக்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது 100 மில்லிக்கு வெறும் 0.3 மில்லி. மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது சுமார் 6 மில்லி ஆகிறது. சிவப்பணு நுழைய முடியாத இடத்துக்கும் நீர் போகும், அதில் கரைந்த ஆக்சிஜனும் போகும். 1960இல் பூரேமா என்ற டச்சு அறுவை மருத்துவர், பன்றிகளின் ரத்தத்தில் சிவப்பணு அநேகமாக இல்லாத அளவுக்கு நீக்கிவிட்டு, அழுத்த அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார். கடலடியில் மூழ்கி மேலே வந்தவரின் உடம்பில் காற்றுக்குமிழி சேர்ந்தால், ஆறாத சர்க்கரைநோய்ப் புண் காலை அரித்தால், கதிர்வீச்சு பட்ட திசு கெட்டுப்போனால் இந்த அறைகள் செய்யும் வேலையை யாரும் மறுப்பதில்லை. இப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய்களின் பட்டியலில் பக்கவாதமும் தலைக்காயமும் இல்லை. 2013இலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றுக்குப் பயன் நிரூபிக்கப்படவில்லை என்று மக்களுக்கு அறிவித்தது. நீங்கள் எங்களிடம் பட்டியலைக் காட்டினீர்கள். அதில் அப்பாவின் நோய் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

அப்புறம் அந்த இரண்டு படங்கள். சிகிச்சைக்கு முன் நீலமாக ஒரு மூளை, சிகிச்சைக்குப் பின் சிவப்பும் மஞ்சளுமாக அதே மூளை. தூங்கிக் கிடக்கும் செல்கள் எழுந்துகொள்கின்றன என்றீர்கள். சாகவும் இல்லாமல் வேலையும் செய்யாமல் சில செல்கள் காயத்தைச் சுற்றிக் கிடக்கலாம் என்ற கருத்து 1990இலிருந்தே பேசப்படுகிறது. யோசிக்க வேண்டிய கருத்துதான். அம்மா அந்தச் சிவப்பு மூளையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ரத்த ஓட்டம் கூடியது என்பதைப் படம் காட்டலாம். சட்டைப் பித்தானைப் போட வருகிறதா என்பதைப் பித்தான்தான் காட்டும்.

உங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஆய்வு இஸ்ரேலில் எஃப்ராத்தி என்ற மருத்துவர் குழு 2013இல் வெளியிட்டது. பக்கவாதம் வந்து ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை ஆனவர்கள், 74 பேர். இரண்டு மடங்கு அழுத்தம், தினம் 90 நிமிடம், வாரம் ஐந்து நாள், 40 சிட்டிங். அப்பாவுக்குத் தந்த கணக்கும் அதேதான். ஒரு குழு உடனே அறைக்குள் போனது, இன்னொரு குழு இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டுப் போனது. அறைக்குள் போன காலத்தில்தான் இரண்டு குழுவுமே முன்னேறியது என்று எழுதினார்கள். இதைப் படித்தபோது எனக்கும் மனசு துள்ளியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சும்மா இருந்தவர்களுக்குத் தாங்கள் சும்மா இருக்கிறோம் என்பது தெரியும். தினமும் கிளம்பி, நாலு பேரைப் பார்த்து, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற தெம்போடு திரும்புகிறவர் ஆக்சிஜன் இல்லாமலேயே கொஞ்சம் தேறுவார். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு குழுவையும் அறைக்குள் அனுப்பி, கதவைச் சாத்தி, காதில் உணரும் அளவுக்கு மட்டும் வெறும் காற்றை ஏற்றி, யாருக்கு எது என்று சொல்லாமல் நடத்த வேண்டும்.

அப்படி நடத்திய ஆய்வுகளும் இருக்கின்றன. 2001இல் கனடாவில் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்ஸி) உள்ள 111 குழந்தைகள். பாதிப்பேருக்கு 1.75 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன், மீதிப்பேருக்கு 1.3 மடங்கில் சாதாரணக் காற்று. இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் முன்னேறினார்கள், ஒரே அளவில். 2015இல் அமெரிக்க ராணுவத்தில் தலையில் அடிபட்ட 72 பேர். அங்கேயும் இதே கதை: ஆக்சிஜன் வாங்கியவர்களும் 1.2 மடங்கில் வெறும் காற்று வாங்கியவர்களும் ஒரே மாதிரி தேறினார்கள், எதற்குள்ளும் போகாதவர்கள் பின்தங்கினார்கள். 2018இல் வந்த இன்னொரு ராணுவ ஆய்வில் ஆக்சிஜன் குழு மூன்று மாதத்தில் முந்தியது. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது.

இதற்கு உங்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. 1.2, 1.3 மடங்குக் காற்றும் மூளைக்கு மருந்துதான், அதனால் அதை ஒப்பிடும் குழுவாக வைத்தது தவறு என்பீர்கள். நான் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. இருக்கலாம். அப்படியானால் அவ்வளவு குறைந்த அழுத்தமே போதும், அப்பாவின் காதில் ரத்தம் கட்டும் அளவுக்கு ஏற்றியிருக்கவே வேண்டாம். அல்லது தேறியதற்குக் காரணம் கவனிப்பும் ஒழுங்கான நாளும் நம்பிக்கையும் என்றால், அதை நாங்கள் வீட்டிலேயே கொடுக்க முடியும். எது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் இருப்பது உங்களுக்குப் பழகிப்போயிருக்கலாம், எங்களுக்குப் பழகாது.

யாருக்கு எது என்று தெரியாமல் அறைக்குள் ஆய்வு நடத்துவதே முடியாது என்றும் சிலர் சொல்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு புகையால் மூளை பாதிக்கப்பட்ட 152 பேரை வைத்து 2002இல் நடத்தினார்களே! நோயாளிக்கும் தெரியாது, அளக்கிறவருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து நினைவாற்றலும் சிந்தனையும் குறைந்திருந்தவர்கள், உயரழுத்த ஆக்சிஜன் குழுவில் 25 சதவீதம், மற்றக் குழுவில் 46 சதவீதம். இதே அறை, இதே ஆக்சிஜன், பாதிக்கப்பட்டது மூளைதான். கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்திய பரீட்சையிலும் ஜெயித்தது. அதனால்தான் இந்த சிகிச்சையை நான் வெறுக்கவில்லை. ஜெயிக்கும் இடத்தில் ஜெயித்துக் காட்டியிருக்கிறது. பக்கவாதத்திலும் அதே பரீட்சையை எழுதட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்த அன்றே, அந்த மணி நேரத்திலேயே உங்களுக்குப் போன் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. காத்திருக்கும் இடத்தில் அப்படி ஒருவரைச் சந்தித்தேன், அவர் மனைவிக்கு முந்தின வாரம்தான் வந்திருந்தது. பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. சிலருக்கு அடைத்த ரத்தக்கட்டியைக் கம்பி விட்டு எடுக்க 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் போன் வந்தால் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: உடனே பக்கவாத வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் நாளிலேயே அழுத்த அறையில் வைத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு, 33 பேர், 2003இல் வந்தது. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் பெயருக்கு அழுத்தம் கொடுத்த குழுவில்தான் அதிகம். பக்கவாதத்தின் ஆரம்ப நாட்களில் நடந்த 11 ஆய்வுகளை, 705 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற ஆய்வுத்தொகுப்பு அமைப்பின் 2014ஆம் வருட அறிக்கையும் பலன் உண்டு என்று சொல்லும்படி எதையும் காணவில்லை. பலத்த தலைக்காயத்தின் கதை கொஞ்சம் வேறு. 1992இல் மினியாபோலிஸில் 168 பேரை வைத்துப் பார்த்தபோது இறந்தவர்கள் 32 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. பிழைத்த அந்தக் கூடுதல் ஆட்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை நினைத்தால் ஒரு நோயாளியின் மகனாக எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் அந்தக் கதையை, வருடம் கழித்து நடந்து வருகிறவரிடம் உங்கள் மையங்கள் சொல்லக்கூடாது.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன்.

முதல் சிட்டிங்குக்கு முன்னால் அளந்து வையுங்கள். உங்களிடம் சம்பளம் வாங்காத ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வந்து அளக்கட்டும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பெட்டி ஒன்றை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் சின்ன மரக்கட்டைகளைப் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டையைத் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போட முடிகிறது என்று எண்ணும் பரிசோதனை இருக்கிறது. பத்து மீட்டர் நடக்க எத்தனை நொடி. கைப்பிடியின் பலம் எத்தனை கிலோ. படத்தைக் காட்டினால் எத்தனை பொருளுக்குப் பெயர் வருகிறது. அரைமணி நேர வேலை. நோயாளி சட்டை போடுவதை ஒரு வீடியோ எடுத்து, தேதி போட்டு, ஒரு பிரதியை எங்கள் கையில் கொடுங்கள்.

அதையும் ஒரு தடவை அளந்தால் போதாது. வருடம் கடந்து வருகிறவருக்கு என்ன அவசரம்? இன்று அளந்து, ஒரு மாதம் பிசியோதெரபியை மட்டும் நன்றாகச் செய்யச் சொல்லி, மறுபடி அளந்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். அந்த ஒரு மாதத்தில் கட்டை எட்டிலிருந்து பத்தாகியிருந்தால், அது அறைக்குள் போகாமலேயே ஏறிய ஏற்றம். அறைக்குள் போன இரண்டு மாதத்தில் அதைவிட வேகமாக ஏறினால், ஏதோ இருக்கிறது என்று நாங்களும் சொல்வோம். அதே வேகத்தில்தான் ஏறியது என்றால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள். முடிந்த அன்று அளந்தால் மட்டும் போதாது, ஆறு மாதம் கழித்தும் கூப்பிட்டு அளக்க வேண்டும். 2018 ஆய்வில் கரைந்துபோனது அந்த ஆறாவது மாதத்தில்தான் தெரிந்தது. "லேட் பண்ணாதீங்க, சீக்கிரம் ஆரம்பிச்சாதான் நல்லது" என்று பதினான்கு மாதம் ஆனவரிடம் சொன்னீர்களே, அதைச் சொல்லாதீர்கள். அந்த வார்த்தை எங்களை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நாற்பதுக்கும் சேர்த்து முன்பணம் வாங்காதீர்கள். முழுப்பணமும் கட்டியவன் பலன் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான், எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்தேன். பத்து முடிந்ததும் நிறுத்தலாம் என்ற வழி திறந்திருக்க வேண்டும். பிசியோதெரபியை நிறுத்திவிட்டு இதற்கு வரச் சொல்லவும் கூடாது. அப்பாவுக்கு அந்த இரண்டு மாதமும் பேச்சுப் பயிற்சி நின்றுபோனது. இரண்டுக்கும் போய்வர உடம்பிலும் தெம்பில்லை, கையிலும் காசில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தாதீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

சம்மதப் படிவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "உங்களுக்குச் சம்மதமா ஐயா?" என்று கேட்டீர்கள். அப்பா "சரி" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவரை நானும் கேட்கவில்லை. பேச்சிழந்தவரிடம் கேட்க வழி இருக்கிறது: படம் காட்டி, ஆம் இல்லை என்று இரண்டு அட்டை வைத்து, அதே கேள்வியை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை கேட்டு. நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. 1997 அக்டோபரில் மிலானில் ஒரு மருத்துவமனையின் அழுத்த அறை தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் தீப்பிடித்த அறைக்குள்ளேயே இறந்துபோனான். சுத்த ஆக்சிஜனுக்கு ஒரு பொறி போதும். எங்கள் மையத்தில் ஒவ்வொரு நாளும் அப்பாவின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, பருத்தி உடைக்கு மாற்றித்தான் உள்ளே அனுப்பினார்கள், அதற்கு நன்றி. வீட்டுக்கே கொண்டுவந்து வைக்கிறோம் என்று காற்றுப்பை மாதிரியான அறைகளை விற்கிறவர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். 1.3 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பதும், வெளியே உட்கார்ந்து 27 சதவீத ஆக்சிஜனை மாஸ்க்கில் சுவாசிப்பதும் ஆக்சிஜன் கணக்கில் ஒன்றுதான். அந்தப் பைகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உயரமான மலைகளில் வரும் தலைவலி, குமட்டல் போன்ற உபாதைக்காக. இதை வாங்குகிறவரிடம் சொல்கிறீர்களா?

கடைசியாக ஒன்று. உங்கள் மையங்களில் இதுவரை எத்தனை பேர் உள்ளே போய் வந்திருப்பார்கள்! ஒவ்வொருவரையும் முதல் நாள், கடைசி நாள், ஆறாவது மாதம் என்று ஒரே மாதிரி அளந்து, தேறியவர் தேறாதவர் எல்லாரையும் ஒரே பதிவேட்டில் ஏற்றியிருந்தால், யாரைச் சேர்க்கலாம் யாரைத் திருப்பி அனுப்பலாம் என்றாவது இன்று உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். எஃப்ராத்தி குழுவின் ஆய்வைச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். அவர்கள் முதல் நாளே அளந்தார்கள். அதனால்தான் சுவரில் மாட்ட உங்களுக்கு ஒரு தாள் கிடைத்தது.

நாற்பது முடிந்ததும் இன்னும் இருபது போடலாம் என்றீர்கள். இந்தத் தடவை அப்பாவைக் கேட்டோம். பேச்சுப் பயிற்சியாளர் செய்து தந்த அட்டைகளை மேஜையில் பரப்பி, கண்ணாடி உருளையின் போட்டோவைக் காட்டி, போகலாமா என்று அம்மா கேட்டார். அப்பா "சரி" என்று சொல்லிக்கொண்டே இடது கையால் இல்லை என்ற அட்டையைத் தள்ளினார். மாற்றிக் கேட்டோம். மறுபடியும் அதே அட்டை.

இப்போது வீட்டில் ஒரு பெட்டியும் மரக்கட்டைகளும் இருக்கின்றன. தம்பி அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணுகிறோம், அம்மா நோட்டில் எழுதுகிறார். போன மாதம் ஆறு, இந்த மாதம் ஏழு. அந்த நோட்டில் முதல் பக்கத்தை அம்மா காலியாக விட்டிருக்கிறார். உங்களிடம் வந்த முதல் நாளின் எண்ணிக்கை எங்காவது கிடைத்தால் எழுதலாம் என்று. உங்கள் ஃபைலில் எங்காவது இருந்தால் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நாற்பது நாளும் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு மகன்